கதவுக்குத் தெரிந்த குரல்

"நான்தான், திற," என்று ஃபிலோமினா மூன்றாம் முறையாகச் சொன்னாள். குரலை அடையாளம் கண்டு திறக்கும் அந்தக் கதவு அசையவில்லை. குப்பை கொட்டிவிட்டு வருவதற்குள் பூட்டிக்கொண்டுவிட்டது. உள்ளே அடுப்பில் பால். கட்டிலில், எழுந்து நடக்க முடியாத கணவர்.

இளவயதில் அவள் பாடிய ஒரே இசைத்தட்டு சீந்துவாரில்லாமல் கிடந்தது. போன வாரம் ஒரு கம்பெனி அதைத் தேடிப்பிடித்து உலகமெங்கும் மறுவெளியீடு செய்தது. அன்றிலிருந்தே கதவு அவள் பேச்சுக்குத் தயங்கித் தயங்கித்தான் திறந்தது. அவள் பெயரில் இணையத்தில் பரவிய பாட்டைக் கேட்டுக் கற்றுக்கொண்ட அதற்கு இப்போது அந்தக் குரல்தான் ஃபிலோமினா. இந்த எழுபது வயதுக் கரகரப்பு யாரோ.

அவளுக்கு அது உறைத்தபோது தீய்ந்த வாடை வந்துவிட்டது. உள்ளே அவர் இருமினார். எதிர்வீட்டுக் கதவைப் படபடவென்று தட்டினாள்.

"நவ்ஷாத் தம்பி, என் ரெக்கார்டு வாங்கினியே, அதக் கொஞ்சம் சத்தமா போடுப்பா!"

"இப்பவா ஆன்ட்டி?"

"போடுப்பா, அவரு உள்ள மாட்டிக்கிட்டாரு!"

இருபது வயதுக் குரல் முதல் வரியை முடிப்பதற்குள் பூட்டு விட்டுக்கொடுத்தது. ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். கதவை இறுகச் சாத்தினாள். புகை போக ஜன்னலைத் திறந்துவிட்டு அவர் நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள்.

தெருமுனை டீக்கடையில் அதே பாட்டு ஆரம்பித்தது. அவள் ஜன்னலைச் சாத்த ஓடுவதற்குள், முதுகுக்குப் பின்னால் கதவு அகலத் திறந்தது.