தூக்கிக் கட்டின ஜீப்

இது நான் நேரில் பார்த்ததல்ல. என்னோடு திருச்சியில் படித்த தேவசகாயம் சொன்னது. இதில் வரும் மெக்கானிக் ஆரோக்கியசெல்வம் அவனுக்கு அக்கா வீட்டுக்காரர். கொஞ்சம் அவர் பக்கம் சாய்ந்துதான் சொல்லியிருப்பான்.

"ஏண்டா ஆரோக்கியம், பட்டாளத்துல இதத்தான் கத்துக்கிட்டு வந்தியா?"

அரியலூர் ரயிலடியில், பட்டறை வாசலில் நின்று வைரக்கண்ணு கத்தினார். எதிர்க் காப்பிக் கடையில் இருந்தவர்கள் டம்ளரும் கையுமாக எழுந்து வந்தார்கள்.

வைரக்கண்ணு பெரிய புள்ளி. குன்னத்துக்கு அந்தண்டை பருத்திக் காடு இருந்தது. பட்டறைக் கொட்டகையும் அவருடையதுதான். உலகச் சண்டை முடிந்து மிலிட்டரிக்காரர்கள் ஏலம் விட்ட ஜீப் ஒன்றை வாங்கியிருந்தார். காட்டுக்குப் போகிற கிளை ரோட்டில் வண்டித்தடம் முழங்கால் ஆழம், நடுவில் மேடு. ஜீப்பின் வயிறு அதில் உரசியது.

"வண்டியத் தூக்கிக் கட்டு" என்று உத்தரவு போட்டார்.

அச்சுக்கு அடியில் வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்த வில்லுப்பட்டைகளை ஆரோக்கியசெல்வம் அச்சுக்கு மேலே மாற்றிக் கட்டினார். ஜீப் ஒட்டகம் மாதிரி எழுந்து நின்றது. ஆனால் பின் சக்கரங்களைச் சுழற்றுகிற ஷாஃப்ட், அதுவரை ஏறக்குறைய மட்டமாகக் கிடந்தது, இப்போது ரொம்பச் சரிந்து நின்றது. வேகம் பிடித்தால் வண்டி ஜுரம் வந்தது போல நடுங்கியது. கடைசியில், வைரக்கண்ணு புதுச் சம்பந்தியை ஏற்றிக்கொண்டு காடு காட்டப் போன அன்றைக்கு, ஷாஃப்டின் முனையில் இருந்த ஜாயிண்ட் முறிந்து, வண்டி நட்ட நடுச் சேற்றில் நின்றுவிட்டது.

"எருவண்டிடா! எருவண்டியில ஏறித் திரும்பிப் போனாரு எஞ் சம்பந்தி! பட்டு வேட்டியோட!"

"சம்பந்தம் நிக்குதுங்களா, மொதலாளி?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

வைரக்கண்ணு திரும்பிப் பார்த்தார். குரல் டம்ளருக்குள் புகுந்துகொண்டது.

"எந் தப்புதாங்க" என்றார் ஆரோக்கியசெல்வம். "தூக்கினா ஷாஃப்ட் சரியும்னு அப்பவே சொன்னேன். ஆனா அதைச் சரிக்கட்டாம வண்டியக் குடுத்தது எந் தப்புதான்."

"அடுத்த சந்தை நாளுக்குள்ள கொட்டாயைக் காலி பண்ணிரு."

அசாமில் மிலிட்டரி லாரிகளுக்கு அடியில் படுத்துக்கிடந்த காலமெல்லாம் ஆரோக்கியசெல்வம் ஆசைப்பட்டது இப்படி ஒரு பட்டறைக்குத்தான். வைரக்கண்ணு விரட்டினவனுக்கு அரியலூரில் வேறு யார் இடம் கொடுப்பார்கள்?

"ஒரே ஒரு தடவை சரி பண்ணிக் காட்டுறேங்க. நீங்களே ஏறி உக்காந்து பாருங்க. அப்பறமும் நடுங்குச்சுன்னா நானே கொட்டாய்ச் சாவியைக் குடுத்துடுறேன்."

வைரக்கண்ணுவின் டிரைவர் அழகேசனைக் கூட்டிக்கொண்டு ஜீப் நின்ற இடத்துக்குப் போனார். பின் ஷாஃப்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, முன் சக்கர இழுப்பிலேயே ஜீப்பைப் பட்டறைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். புது ஜாயிண்ட் மாட்டியாயிற்று. அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்பு ஆப்பு செருகி, ஷாஃப்ட் சேரும் இடத்தை அண்ணாந்து பார்க்க வைத்தார். சரிவு பாதியாகக் குறைந்தது.

மறுநாள் அழகேசன் ஓட்ட, வைரக்கண்ணு முன்னால் உட்கார்ந்தார். ஆரோக்கியசெல்வம் பின்னால், மனத்துக்குள் ஜெபமாலை உருட்டிக்கொண்டு.

பெரிய ரோட்டில் ஜீப் வழுக்கிக்கொண்டு போனது. நடுக்கம் இல்லை. கிளை ரோட்டில் திரும்பியதும் குதிக்க ஆரம்பித்தது. ஒரு பள்ளத்தில் அடிவயிறு இடித்தது.

"இன்னும் ரெண்டு வெரக்கடை தூக்கிடு" என்றார் வைரக்கண்ணு.

"தூக்குனா மறுபடி முறியுங்க. ஆப்பு வெச்சும் தாங்காது."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றே?"

"வண்டியத் தூக்குறதைவிட ரோட்டைத் தூக்குறது லேசுங்க."

அழகேசனுக்கு இருமல் வந்தது.

ஆரோக்கியசெல்வம் பயத்தில் பேசிக்கொண்டே போனார். "போட்டு ரொம்ப வருசம்கூட ஆவலையாமே? நான் அசாம்ல இருந்தப்பப் போட்டதாம். ஜல்லியே கொட்டாம வெறும் மண்ணைக் கொட்டித் தேச்சிருக்கான் எவனோ. கட்டி வெச்சு ஒதைக்கக்கூட வேணாங்க. இதே வண்டியில உக்கார வெச்சு இதே ரோட்டுல தெனம் ஒரு நடை கூட்டியாந்தாப் போதும். இல்லீங்களா, அழகேசண்ணே?"

அழகேசன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, ஒரு கையால் ஓட்டினார்.

"வண்டியத் திருப்பு" என்றார் வைரக்கண்ணு. அரியலூர் வரும்வரை முகத்தைத் திருப்பவில்லை. ஆரோக்கியசெல்வம் சாவிக்காக மடியைத் தடவிக்கொண்டே வந்தார்.

பட்டறை வாசலில் இறங்கும்போது வைரக்கண்ணு சொன்னார்: "கொட்டாயில நீயே இரு. வேலையப் பாரு. ஊர்க்கதை பேசிக்கிட்டுக் கெடக்காதே."

"ஆப்புதான் காப்பாத்திச்சு!" என்று ஆரோக்கியசெல்வம் வீட்டுக்கு ஓடினாராம். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறாராம். தேவசகாயமும் அப்படியே நம்புகிறான்.

எனக்கு அந்த இருமல்தான் உறுத்தியது. போன தை மாதம் குன்னம் போன வேளையில், அந்தக் கிளை ரோட்டையும் போய்ப் பார்த்தேன். ஓடைமேல் சின்னப் பாலம். கைப்பிடிச் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறது. பாசியைத் தேய்த்துப் படித்தேன். ரோடு போட்ட ஆண்டு, 1945. போட்ட காண்ட்ராக்டர், வைரக்கண்ணு.

அந்த ரோட்டில் நான் பார்த்த கல் அது ஒன்றுதான்.