தெரியாத கணக்கு

மதியழகன் குளித்தான், டீ போட்டான், கதவைத் திறந்து வைத்தான். மொரப்பூர் பஸ் போனதும் பக்கத்து வீட்டு ஜாஸ்மின் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தோடு வந்தாள்.

கணக்கு டீச்சரான அவன் மனைவி ராதிகா இறந்த பிறகும் ஜாஸ்மின் வருவது நிற்கவில்லை. ராதிகா சொல்லிக்கொடுத்த பெண் பரீட்சையில் கோட்டை விட்டுவிடக் கூடாது. அதற்காகவே, வரலாறு படித்தவன், இருபடிச் சமன்பாட்டை செல்போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டான்.

"இதுக்குக் காரணி வரமாட்டேங்குதுங்க மாமா."

x² − x − 12 = 0. அவன் யோசித்து எழுதினான்: (x + 4)(x − 3).

"ஐயோ மாமா! நடுவுல பிளஸ் வந்துருமே. மைனஸ் நாலு, பிளஸ் மூணு போடுங்க."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அப்போ உனக்குத் தெரியுமா?"

"மொதல்ல இருந்தே தெரியுங்க மாமா. அக்காதான் எல்லாம் சொல்லிக்குடுத்துட்டாங்களே."

"அப்புறம் எதுக்குடி தினமும் வர்ற?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"ஆஸ்பத்திரியில அக்கா என் கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க. அதுக்கப்புறம் அவங்க யார்கிட்டயும் பேசலீங்க மாமா."

"என்ன சொன்னா?"

"‘காலையில போயி கணக்குத் தெரியலைன்னு நில்லு ஜாஸ்மின். இல்லாட்டி அந்த மனுசன் படுக்கைய வுட்டு எந்திரிக்கவே மாட்டாரு.’"