ரெண்டு சைஸ் பெரிசு

"இருக்கறதுலயே பெரிசு எதுண்ணே?"

டயர்க்கடைக்காரர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். வந்தவன் தெரிந்தவன்தான். செல்போன் டவர்களைப் பராமரிக்கிற வேலை. மேடோ சேறோ, டவர் நிற்கும் இடத்துக்கெல்லாம் போயாகவேண்டும். அதற்காகவே நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் வைத்திருந்தான்.

"உன் வண்டிக்கு இருபத்தொம்பது இஞ்ச் தம்பி. முப்பத்தொண்ணு போடு. சேத்துல நல்லாப் பிடிக்கும், ரோட்டுலயும் ரொம்ப இரையாது."

"முப்பத்துமூணு?"

"போடலாம். ஆனா ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா மட்கார்டுல உரசும். ஸ்பிரிங்குக்குக் கட்டை கொடுத்து பாடியைத் தூக்கணும். மைலேஜ் அடிவாங்கும். எதுக்கு இந்த வம்பு?"

"எவ்வளவு உயரும்?"

இந்தக் கேள்வியை யாரும் முதலில் கேட்டதில்லை. பிடிமானம் எப்படி என்பார்கள், எத்தனை நாள் உழைக்கும் என்பார்கள்.

"டயர்ல ரெண்டு, ஸ்பிரிங்ல ரெண்டு. ஆக நாலு இஞ்ச்."

"அதையே போட்டுடுங்க. ஏறுறதுக்கு ரெண்டு பக்கமும் ஃபுட்போர்டு இருக்குல்ல, அதையும் கழட்டிடுங்க."

"அதைக் கழட்டினா உங்கப்பா எப்படி ஏறுவார்?"

அவன் டயர் அடுக்கைப் பார்த்தபடி சொன்னான்.

"அவர் தானா ஏறக்கூடாதுன்னுதாண்ணே."

கடைக்காரருக்குச் சுருக்கென்றது.

அவன் அப்பாவை எல்லோரும் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தைந்து வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். கடைக்காரரே அவரிடம் குட்டு வாங்கித்தான் கிளட்ச் மிதிக்கப் பழகினார். இப்போது மாஸ்டருக்கு எழுபத்துமூன்று. சாயங்காலம் மகனுடைய ஜீப்பை ஓட்டிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வருவதுதான் மிச்சமிருக்கும் ஒரே சந்தோஷம்.

அதுகூடப் பொறுக்கவில்லையா இவனுக்கு?

அதற்குமேல் அவர் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தார். மூன்றாம் நாள் காலை, "வண்டியை நானே கொண்டுவந்து விடறேன்" என்று போனில் சொன்னார். மாஸ்டரை நேரில் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது அவருக்கு.

அன்று சாயங்காலம் வண்டி வீட்டு வாசலில் நின்றதும் மாஸ்டர் இஸ்திரி போட்ட சட்டையும் ஷூவுமாக வெளியே வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றினார். டயரின் மேடுபள்ளத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"என்னப்பா இது, யானைக் கால் மாதிரி! பட்டன் ஒவ்வொண்ணும் சோப்புக்கட்டி அளவு இருக்கே."

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். காலைத் தூக்கினார். எட்டவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை முயன்றார். முட்டி பாதியிலேயே நின்றுவிட்டது.

மகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

கடைக்காரர் தாங்கமுடியாமல் முன்னால் போனார். மகன் அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினான்.

மூன்றாவது முறைக்குப் பிறகு மாஸ்டர் கதவைச் சாத்தினார்.

"இது நமக்கு ஆகறதில்லைடா. நீயே ஓட்டு. நான் பக்கத்துல உட்கார்ந்துக்கறேன்."

உடனே மகன் வீட்டுக்குள்ளிருந்து ஒரு இரும்புப் படியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ரெண்டு தட்டு, மேலே வழுக்காமலிருக்க ரப்பர். பக்கத்து சீட்டுக் கதவுக்குக் கீழே வைத்து, அப்பாவின் கையைப் பிடித்து ஏற்றி உட்கார வைத்தான். பெல்ட்டையும் மாட்டிவிட்டான்.

கடைக்காரர் அவனை வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"படி இருக்குல்ல? இதை அந்தப் பக்கம் வெச்சா அவரே ஓட்டுவாரே! உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அப்பாவுக்குப் பக்கவாட்டுல பார்வை போயிடுச்சுண்ணே. கண் டாக்டர் ஓட்டக்கூடாதுன்னுட்டார். 'அந்த டாக்டருக்கே ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன் நான்'னு சிரிச்சுட்டு வந்துட்டார். போன வாரம் ஒரு பள்ளிக்கூட வாசல்ல... நான் பக்கத்துல இருந்து ஸ்டியரிங்கைத் திருப்பலைன்னா ஒரு குழந்தை போயிருக்கும். எதுக்குடா தொட்டேன்னு என்னைத்தான் திட்டினார்."

கடைக்காரர் அவன் கையை விட்டார்.

"அவர்கிட்டப் போய் 'ஓட்டாதீங்க'ன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? அதான், வண்டியே சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டைப் பூட்டப் போனான்.

மாஸ்டர் ஜன்னல் வழியாகக் கடைக்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? சொல்லிட்டானா?"

"மாஸ்டர்..."

"அன்னிக்கு அந்தக் குழந்தையோட அம்மா அலறினது என் காதுல விழுந்துச்சுப்பா. அதுலேருந்து சாவியைத் தொடவே பயமா இருக்கு. ஆனா 'இனிமே ஓட்டலை'ன்னு சொல்ல எனக்கும் வாய் வரலை. பாவம், அவனே ஒரு வழி பண்ணிட்டான்."

"முட்டி ரொம்ப வலிக்குதா மாஸ்டர்? மூணு தடவை காலைத் தூக்கியும்..."

மாஸ்டர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். மகன் இன்னும் பூட்டிக்கொண்டுதான் இருந்தான்.

"முட்டிக்கு என்னடா கேடு? இன்னிக்குக் காலைலகூட மாடித் தண்ணித் தொட்டி மேல ஏறி மூடியைச் சரிபண்ணிட்டு வந்தேன். அவன்கிட்டச் சொல்லிடாதே!"