தூங்காத வண்டி

கல்யாணராமன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

எதிரே நீல விளக்கு எரிந்தது. நீலம் எரிந்தால் வண்டி தானே ஓடும். சிவப்பு மினுக்கி மணி அடித்தால் அவர் ஓட்ட வேண்டும். மீரா இரண்டு முறை சொல்லிக் கொடுத்திருந்தாள்.

ஸ்டியரிங் தானாக இடது பக்கம் திரும்பியது. வேன், கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கின் பின்பக்கத்துப் புது ரோட்டில் இறங்கியது. இன்னும் போக்குவரத்துக்குத் திறக்காத ரோடு.

பக்கத்து சீட் காலி. அதைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்தார்.

தொண்ணூற்றெட்டில் அப்படி ஒரு சீட்டில்தான் வைதேகி உட்கார்ந்திருந்தாள். பதினோரு வயது. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண். சுசீந்திரத்தில் கல்யாணச் சாப்பாடு முடித்துத் திரும்பும் வழி. பகல் மூன்று மணி. நெய்யாற்றின்கரை தாண்டும்போது கல்யாணராமனுக்குக் கண் ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்கூட இல்லை, மூடிவிட்டது.

அவர் மட்டும் பிழைத்தார்.

நீங்கள் அவரைக் குறை சொல்ல மாட்டீர்கள், எனக்குத் தெரியும். அவர் குடியிருக்கும் ஸ்ரீவராகத்தில் யாரும் சொல்லவில்லை. அவர் மனைவிகூடச் சொல்லவில்லை. ஒருவரும் சொல்லாததால், அவரே ஒன்பது வருஷமாகத் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். வேறு ஒருத்தர் ஓட்டியிருந்தால் முழித்திருப்பாரோ?

அதற்கப்புறம் அவர் எந்த வண்டியையும் தொடவில்லை. லைசன்ஸை மட்டும் விடாமல் புதுப்பித்து வந்தார்.

மீரா அடுத்த தெருப் பெண். தானாக ஓடும் வண்டி, உள்ளே இருக்கும் மனிதரோடு எப்படிப் பேச வேண்டும் என்று ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. மணி அடிப்பதா, குரல் கொடுப்பதா. ஏழு விநாடி முன்னாலா, பத்து விநாடி முன்னாலா. சோதித்துப் பார்க்க வயதான ஆட்கள் வேண்டும் என்று அவள் கோயிலில் யாரிடமோ சொன்னது இவர் காதில் விழுந்தது. அவராகவே வந்து நின்றார்.

முதல் மூன்று சுற்றிலும் அவர் கால் பிரேக்கை விட்டு நகரவில்லை. மணி அடிக்கும்போதே ஸ்டியரிங்கைப் பிடித்துவிடுவார்.

நாலாவது சுற்றில் ஒரு நாய் குறுக்கே ஓடியது.

அவர் அழுத்துவதற்கு முன்னாலேயே வண்டி நின்றது. நாய் ரோட்டைக் கடந்து, ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, புல்லுக்குள் போயிற்று. வண்டி மெதுவாகப் புறப்பட்டது.

கல்யாணராமன் காலை மடக்கிக்கொண்டார். பிறகு அந்த நீல விளக்கைப் பார்த்துக் கேட்டார்.

"நீயா இருந்தா அன்னிக்கு முழிச்சிண்டிருந்திருப்பியோ?"

அந்த வண்டி பேசுவதற்கு மீரா ஆறு வாக்கியங்கள் எழுதி வைத்திருந்தாள். இதற்கான பதில் அவற்றில் இல்லை. ஸ்டியரிங் லேசாக நடுங்கி, நேரானது.

கொஞ்ச தூரத்தில் அவர் தலை சாய்ந்தது. ஓடும் வண்டியில், ஒன்பது வருஷத்துக்கப்புறம், தூங்கிவிட்டார்.

பின்னால் காரில் வந்த மீராவுக்கு ஹெட்போனில் எல்லாம் கேட்டது. ஐந்தாவது சுற்றுக்கான மணியை அவள் அடிக்கவில்லை.

வேன் ஷெட்டுக்கு வந்து நின்றபோது அவர் தானே எழுந்து இறங்கினார். கண் சிவந்திருந்தது. ஆனால் அப்படித் தெளிந்த முகத்தை மீரா சின்ன வயதில் பார்த்ததோடு சரி.

"மனுஷாளால முடியாது மீரா, கேட்டியா. ஆளுன்னா தூக்கம்னு ஒண்ணு உண்டே. யாரா இருந்தாலும் அசந்துதான் போவா. மெஷினாலதான் முடியும். மாமிகிட்ட இப்பவே போய்ச் சொல்லணும்."

மீராவின் கையில் ஒரு காகிதம் இருந்தது. சோதனைக்கு வந்தவர்கள் போகுமுன் அதை வாசித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது கம்பெனி விதி.

"மாமா, இது சும்மா ஒரு ஃபாரம். வாசிக்கவெல்லாம் வேண்டாம். ஒப்பு மட்டும் போட்டுடுங்கோ."

"நன்னாயிருக்கு. முப்பது வருஷம் டிரஷரியில இருந்தவன்கிட்ட வாசிக்காம ஒப்பு கேக்கறியே. குடு இங்க."

மீரா காகிதத்தை விடவில்லை. அவர் சிரித்துக்கொண்டே இழுத்து வாங்கினார்.

அதில் இரண்டே வரி. இந்த வேனில் தானாக ஓட்டும் இயந்திரம் எதுவும் இல்லை. நீலம் எரிந்த நேரமெல்லாம் வண்டியை ஓட்டியது, பின்பக்கத் தடுப்புக்குள் உட்கார்ந்து கேமராவில் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு டிரைவர்.

இதற்கு முன் வாசித்த இருபத்தாறு பேரும் சிரித்தார்கள். ஒருவர், "அந்த பூதத்தை வெளியில விடுங்கோ, ஒரு சாயா வாங்கித் தரேன்" என்றுகூடச் சொன்னார்.

டிரைவர் ராஜையன் ராத்திரி முழுக்க விழிஞ்ஞத்திலிருந்து மீன் லாரி ஓட்டிவிட்டு, விடிந்ததும் நேரே இங்கே வந்து ஏறியவன் என்பது காகிதத்தில் இல்லை. அவன் இன்னும் உள்ளேதான் இருந்தான், முழித்துக்கொண்டு.

கல்யாணராமன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். வேட்டி நுனியால் துடைத்து, மாட்டிக்கொண்டார்.