வாரம் ஒரு சுறாத் துடுப்பு

கடலம்மா மேல சத்தியம். இதுல ஒரு வார்த்தை பொய்யின்னாலும் என் தொண்டைல கெளுத்தி முள்ளு மாட்டிக்கட்டும்.

தொண்ணூத்தி மூணுல நடந்தது. பட்டினப்பாக்கத்துல மீன் விக்கிற பொன்னுரங்கத்துக்கு ஒரு டவுட்டு. எட்டு மாசமா அந்தாளுக்குத் தூக்கமே இல்ல.

மயிலாப்பூர்லேர்ந்து சாருலதான்னு ஒரு அம்மா வரும். வெங்காயம்கூட தொடாத குடும்பம். செவ்வாக்கெயமை ஆனா மூக்கப் பொத்திக்கினு வந்து, சுறாத் துடுப்பு ஒண்ணு வாங்கி, எவர்சில்வர் டப்பால போட்டுக்கினு போயிடும்.

"இன்னாத்துக்குமா இது?"

"ஆராய்ச்சிக்கு. உள்ள புரோட்டீன் எப்படிப் பின்னிண்டிருக்குன்னு பாக்கறோம்."

"பாத்துட்டு?"

"எழுதி வெப்போம்."

பக்கத்துக் கடை வேலு மொத வாரமே சிரிச்சான். "பாக்கறதுக்கா துடுப்பு வாங்குவாங்க? சூப்பு போட சிங்கப்பூருக்குத் தள்ளுது நைனா! நீ ஏமாந்துக்கினு கீற."

போதாதா? எட்டு மாசம் பொறுத்துப் பாத்துட்டு, ஒரு செவ்வாக்கெயமை அந்தம்மா பின்னாலயே பஸ் ஏறி அடையார்ல எறங்கிட்டாரு பொன்னுரங்கம். கேட்டுல "மீன் டெலிவரி"ன்னு சொல்லி அந்தம்மா வேலை செய்யற ஆபீஸுக்குள்ள பூந்துட்டாரு.

உள்ள பாத்தா, பெரிய எக்ஸ்ரே மிஷின். அதுல துடுப்புலேர்ந்து உருவுன ஒத்த நாரு. பக்கத்துல கண்ணு செவந்து போய் சாருலதா.

"யம்மா, சிங்கப்பூர் பார்ட்டி எங்க?"

"எந்தப் பார்ட்டி? இந்தப் படத்தைப் பாருங்க. நாருக்குள்ள மூணு இழை சடை மாதிரி பின்னியிருக்கணும். இருந்தா பளிச்சுனு புள்ளி விழும். எனக்கு வெறும் புகைதான் விழறது. வேலையே தெரியாதவள்னு பேராயிடுத்து. அடுத்த மாசத்தோட என்னை அனுப்பிடுவாங்க."

"பின்னல் ஏன்மா அவுந்துக்குது?"

"சூடு பட்டா அவுந்துடும். ஆனா நீங்க கடல்லேர்ந்து வந்த கையோட ஐஸ்ல சுத்தித் தர்றீங்களே. உங்களைப் போய் சந்தேகப்படுவேனா? தப்பு என் கையிலதான்."

பொன்னுரங்கம் தலைத்துண்டை அவுத்துக் கையில புட்ச்சுக்கினாரு.

"தப்பு உன் கைல இல்லமா. என் வெந்நி அண்டால கீது."

பின்ன? வெந்த துடுப்ப சூப்பு ஏஜென்ட்டு எவனும் வாங்க மாட்டான், இந்தம்மா வித்துடக் கூடாதுன்னு, ஒவ்வொரு துடுப்பையும் கொதிக்கிற தண்ணில ஒரு முக்கு முக்கிட்டுதான் ஐஸ்ல சுத்திக் குட்த்துக்கினு இருந்தாரு மனுசன்!

இன்னா பாக்குற? கத ஓசியா? ஒரு டீ சொல்லு. நல்லா கொதிக்கட்டும், எனக்கு ஒண்ணும் அவுந்துடாது.