செவ்வந்திக் கள்ளன்

சதீசன் வவுணதீவில் நடத்திய ஓட்டோ கராஜை மூடியதும், அந்த வளவில் அவன் மனைவி அஜந்தா செவ்வந்தி நட்டாள். கழிவு ஒயில் குடித்தே கறுத்துப்போன மண். பூக்கள் சட்டைப் பொத்தான் அளவுக்குத்தான் வந்தன.

"பேசாம சீமெந்து போட்டு மூடுவம்," என்றான் சதீசன்.

அஜந்தா விடவில்லை. வாழைப்பழத் தோலை ஊறவைத்த தண்ணீரை நாள் தவறாமல் ஊற்றினாள். மாரி முடிய, செவ்வந்தி உள்ளங்கை அகலத்துக்குப் பூத்தது. தன் வைத்தியத்தை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். ஒரே கவலை, விடிவதற்குள் யாரோ பூவைப் பறித்துக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் விடியற்காலையில் கதவோரம் காத்து நின்றாள். வேலி பாய்ந்து வந்தவர் அடுத்த வளவுச் சீனித்தம்பி. பிள்ளையார் கோயில் தலைவர். நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஒரு வாளி.

"என்ன அண்ணன், வாளியோடயா களவெடுக்க வாறீங்க?"

அவர் பதறாமல் வாளியைச் செவ்வந்திப் பாத்தியில் கவிழ்த்தார். சாணிக் கரைசலும் உமிக்கரியும் கலந்து நாறியது.

"முதல்ல நான் பறிச்ச பூ பிள்ளையார்ட காதுக்கும் காணாது, புள்ள. அதான் ஒயில் மண்ணுக்கு நானே வைத்தியம் பாக்கிறன்."

"எனக்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, பூப் பறிக்கிறது நானெண்டு தெரிஞ்சிருமே."

உள்ளே சதீசன் இருமும் சத்தம் கேட்டது. அஜந்தா குரலைத் தாழ்த்தினாள்.

"இவர் எழும்ப முதல் போங்க அண்ணன். நாளைக்கு வேலி பாய வேணாம். படலையத் திறந்து வைக்கிறன்."