சுவருக்குள் இருந்த தாள்

காண்ட்ராக்டர் ஏணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறார். போன மாதம் வரை மேசையும் நாற்காலியுமாக ஆபீஸாக இருந்த இந்த அறை இப்போது கழிப்பறை. புது டைல்ஸில் வெயில் வழுக்குகிறது, சரியாக மூடாத ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. நாளைக்குத் திறப்பு. ஏணி உச்சியில் நிற்கும் தீயணைப்பு அதிகாரி ஃபால்ஸ் சீலிங்கின் ஒரு பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே டார்ச் அடிக்கிறார். அங்கே ஒரு குழாய் மாடிப்படிச் சுவரைத் துளைத்துக்கொண்டு போகிறது. தீயும் புகையும் படிக்கட்டுக்குப் போய்விடாதபடி, குழாயைச் சுற்றியுள்ள சந்தில் தீத்தடுப்புப் பசை அடைத்திருக்க வேண்டும். பார்வைக்கு சிமெண்ட் பூசி வழவழவென்றுதான் இருக்கிறது. அதிகாரி ஸ்க்ரூடிரைவரால் ஒரு தட்டுத் தட்டுகிறார். பூச்சு பொலபொலவென்று உதிர, உள்ளேயிருந்து கசங்கிய தாள் ஒன்று உருவ உருவ வருகிறது.

வாசலில் நிற்கும் பிளம்பர், காண்ட்ராக்டருடைய மச்சினன், சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்கிறான். "பசை வந்து சேரல மாமா. நீங்கதான் வேலை நிக்கக்கூடாதுன்னு..."

"இந்த மாதிரி எத்தனைடா?"

"பன்னெண்டு சந்தும் இப்படித்தான்." அவன் கண் டைல்ஸ் ஒட்டிய சுவர்களை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது.

அதிகாரி தாளை நீவி விரித்துக் கீழே நீட்டுகிறார். காண்ட்ராக்டர் ஒரு கையை மட்டும் ஏணியிலிருந்து எடுத்து வாங்குகிறார். கட்டட வரைபடம். ஓரத்தில் சிவப்புப் பென்சிலில், அவருடைய கையெழுத்திலேயே: 'பசை அடைக்காமல் டைல்ஸ் ஒட்டவே கூடாது.'